பதினொரு மாதம் உடையாத கண்ணாடி

சாண்ட்லர் வரிசையில் ஒட்டியிருந்த கண்ணாடிகளில் ஒன்றுகூட உடையவில்லை. எல்லோருக்கும் அது நிம்மதியாக இருந்தது. அக்டோபர் மாதத்தின் அந்தத் திங்கட்கிழமை காலையில் ரோடா கெட்டில்வெல்லுக்கு மட்டும் ஏனோ அது பிடிக்கவில்லை.

பழைய சுவரில் விரிசல் கண்டால், கோர்மின்ஸ்டர் நகரசபையின் கட்டடக் கலைத் துறையிலிருந்து ஆள் வந்து, அந்த விரிசலின் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரண்டு முனையிலும் சாந்து அப்பிவிட்டுப் போவது வழக்கம். சாந்து ஈரமாக இருக்கும்போதே ஆணியால் தேதியையும் ஒட்டவைத்தவரின் பெயரெழுத்துகளையும் கீறிவிடுவார்கள். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி தெறித்துவிடும். அதனால் அலுவலகத்தில் அதற்குச் சாட்சிக் கண்ணாடி என்று பெயர். வாரம் ஒருமுறை போய்ப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும்.

சாண்ட்லர் வரிசை என்ற ஐந்து பழைய வீடுகளின் தெருப் பக்கச் சுவரில் பதினான்கு கண்ணாடிகள். சென்ற ஆண்டு, 1965 நவம்பரில், துணைக் கட்டடக் கலைஞரான ரோடாவே பக்கத்தில் நின்று ஒட்டவைத்தவை. பதினான்கு இடத்திலும் அவளுடைய எழுத்துகள்தான் இருந்தன.

"அசையல மிஸ்," என்றான் கொத்தன் வால்ட் டனக், ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டே. "என் மாமியார்கூட சோபாவுல இப்படி அசையாம உக்காந்ததில்ல."

"பதினொரு மாசம் வால்ட். ஒரு குளிர்காலம், ஒரு கோடைகாலம் போயிடுச்சு. புதுசா கட்டின நம்ம ஆபீஸ் சுவர்ல ஒட்டினதே ரெண்டு உடைஞ்சுது. இது எப்படி ஒண்ணுகூட உடையாம இருக்கு?"

"கேள்வி கேட்டா உடைஞ்சிடும். எழுதிட்டு வாங்க, டீ குடிக்கலாம்."

அவள் எழுதினாள். அசைவு இல்லை. பதினான்கு தடவை அதையே எழுதினாள்.

அந்த நோட்டுக்கு இந்த வாரம் தனி மரியாதை இருந்தது. வரிசையின் ஐந்து வீடுகளையும் இடித்து, அந்த வழியாக அகலமான சாலை ஒன்றைக் கொண்டுபோக வேண்டும் என்று நகரசபையின் சாலைக் குழு பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பத்து வருடமாக அதைத் தடுத்துக்கொண்டிருந்தவர், அதே நகரசபை சம்பளம் கொடுத்து வைத்திருந்த தலைமைக் கட்டடக் கலைஞர் லயனல் ஆர்மரோட். வியாழக்கிழமை லண்டனிலிருந்து அரசு விசாரணை அதிகாரி வருகிறார். இரண்டு பக்கத்தையும் கேட்டு முடிவு சொல்வார். வீடுகள் உறுதியாக இருக்கின்றன என்பதற்கு ஆர்மரோட் காட்டப்போகும் சாட்சி, ரோடாவின் கையெழுத்தில் இருந்த இந்த நோட்டுதான். வழக்கறிஞரோடு பேசுவதற்காக ஞாயிற்றுக்கிழமையே அவர் லண்டன் போய்விட்டார். புதன்கிழமை மதிய ரயிலில் திரும்புவார். அதுவரைக்கும் பொறுப்பு ரோடாவிடம். பொறுப்போடு சேர்த்து அவரது மேஜை இழுப்பறையின் சாவியும் அவளிடம்.

அந்த இழுப்பறையில் ஒரு மஞ்சள் தாள் கட்டு இருந்தது. அபாயக் கட்டட அறிவிப்பு. தலைமைக் கட்டடக் கலைஞரோ அவர் பொறுப்பில் இருப்பவரோ கையெழுத்துப் போட்டு அதை ஒரு கதவில் ஒட்டினால், அன்றே ஆட்கள் வெளியேற வேண்டும். பிறகு அந்தக் கட்டடத்தை இடிக்க நகரசபை யாரையும் கேட்கத் தேவையில்லை. பத்தொன்பது வருடத்தில் ஆர்மரோட் எந்தப் பழைய வீட்டுக்கும் அதில் கையெழுத்துப் போட்டதில்லை. கட்டின் மேல்தாள் வெயில் படாமலே வெளுத்திருந்தது.

"கெட்டில்வெல் பொண்ணு!" மூன்றாம் எண் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து மிஸஸ் டிராண்டர் குரல் கொடுத்தாள். "ஒரு மணி நேரமா அந்தச் சுவரையே பார்த்துட்டு நிக்கறியே, கல்யாணம் பண்ணிக்கறேன்னு சொல்லிச்சா என்ன? மேல வா. என் வீட்ட காத்து தின்னுது."

மிஸஸ் டிராண்டர் தனியாக இருந்தாள். கணவன் போர்க்காலத்தில் போய்விட்டான். கீழே சிரில் பேக்ஷாவின் செருப்புக் கடை, மேலே இவள். வரிசையில் மொத்தம் ஒன்பது பேர் குடியிருந்தார்கள். ஐந்து வாசலுக்கு மேலும் சுண்ணாம்பில் செய்த திமிங்கிலம் ஒன்று நீந்திக்கொண்டிருந்தது. முந்நூறு வருடம் முன்பு அங்கே திமிங்கில எண்ணெயில் மெழுகுவத்தி செய்து விற்றார்களாம். திமிங்கிலத்தை ஒருநாளும் பார்த்திராத எவனோ செய்தது அது. நாய் மூக்கு, மடிந்த காது, முகத்தில் மனிதச் சிரிப்பு. புத்தகங்களில் அந்தத் திமிங்கிலங்களின் படம் வரும். ரோடாவும் கல்லூரியில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான், வேலை செய்தால் இந்த ஊரில்தான் என்று வந்தவள்.

பின்பக்கத்தில் இருந்த படியில் ஏறி அவள் மாடிக்குப் போனாள். அறை சூடாக இருந்தது. தெருப் பக்கச் சுவரோரம் மட்டும் கணுக்காலில் ஈரக்காற்று வந்து தொட்டது.

"இங்கதான்," என்றாள் மிஸஸ் டிராண்டர். ஜன்னலுக்குக் கீழே, தரைப் பலகையும் சுவரும் சேரும் இடத்தில், அறையின் முழு அகலத்துக்கும் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து வைத்திருந்தாள். "அடைச்சு அடைச்சு எனக்கே அலுத்துப்போச்சு. ஈஸ்டர் சமயத்துல ஒரு தாள் போதும்னு இருந்துது. இப்ப ஊர்ல நடக்கற சேதி எல்லாத்தையும் திணிச்சும் பத்தல."

ரோடா மண்டியிட்டாள். மேலே இருந்த தாளை இழுத்தாள். மாலைச் செய்தித்தாள், போன வெள்ளிக்கிழமையினுடையது, பன்னிரண்டாக மடித்திருந்தது. அதற்குக் கீழே செப்டம்பர். அதற்கும் கீழே ஜூலை, நான்காக மடித்தது. கடைசியில், ஈரத்தில் ஊறி, ஒற்றைத் தாளாக ஏப்ரல்.

அவள் அவற்றைத் தரையில் வரிசையாக அடுக்கினாள். பிறகு அந்த இடைவெளியில் கையை விட்டாள். மூன்று விரல்கள் பக்கவாட்டில் தாராளமாகப் போயின. கீழிருந்து சிரில் பேக்ஷாவின் சுத்தியல் சத்தமும், தோலின் வாசனையும் அந்த இடுக்கு வழியாக மேலே வந்தன.

"மிஸஸ் டிராண்டர், இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாராவது கேட்டாத்தானே? வாரா வாரம் வர்றீங்க, அந்த நாய்மூஞ்சித் திமிங்கிலத்த அண்ணாந்து பார்க்கறீங்க, போறீங்க. உள்ள ஒரு மனுஷி இருக்கான்னு உங்க நோட்டுல எழுதியிருக்கா என்ன?"

ரோடா எழுந்து பின்பக்கத்து ஜன்னலுக்குப் போனாள். கீழே ஆறு. ஆற்றுக்கும் வீட்டுக்கும் நடுவே, போன குளிர்காலத்தில் நகரசபை கழிவுநீர்க் குழாய் பதிக்கத் தோண்டி மூடிய நீளப் பள்ளம். மூடிய மண் அமிழ்ந்து, அதில் பழுப்பு நீர் நின்றது. பின்சுவர் வெறும் செங்கல். அழகில்லாதது. ஒரு புத்தகத்திலும் அதன் படம் வந்ததில்லை. அந்தச் சுவரில் ஒரு கண்ணாடியும் ஒட்டப்படவில்லை.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. தெருவைப் பார்த்த முகம் அசையவே இல்லை. அது அசையாததால் கண்ணாடியும் உடையவில்லை. வீடுதான் தன் முகத்தை அங்கேயே நிற்க விட்டுவிட்டு, மெதுவாக ஆற்றைப் பார்த்துப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. தரையைத் தாங்கும் உத்தரங்களின் நுனிகள் முன்சுவருக்குள் செருகி உட்கார்ந்திருப்பவை. வீடு போகப் போக அவை உறையிலிருந்து கத்தியை உருவுவதுபோல வெளியே வந்துகொண்டிருந்தன. முழுதாக வெளியே வரும் நாளில் ஐந்து வீட்டு மாடிகளும் ஒரே சமயத்தில் கீழே போகும்.

"முட்டுக்கொடுத்தா என்ன?" என்று அவள் வெளியே வந்து வால்டிடம் கேட்டாள்.

"எது மேல கொடுக்கறது மிஸ்? கடைக்குக் கீழ நிலவறை. அதோட வளைவே பாதி தொங்குது. முட்டு வெச்சா, முட்டு, கடை, செருப்பு எல்லாம் சேர்ந்து கீழ போகும்." அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். இந்தத் தடவை மாமியாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மாலை ஐந்து மணிக்கு லண்டன் ஹோட்டலில் ஆர்மரோட் தொலைபேசியில் கிடைத்தார். முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். அவர் எப்போதும் அப்படித்தான். கோபம் வந்தால்கூட எதிராளி சொல்வதைக் கேட்டு முடித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

"எத்தனை அங்குலம்?"

"மூணு சார்."

"உத்தரம் சுவருக்குள்ள ஒன்பது அங்குலம் உக்காந்திருக்கு, மிஸ் கெட்டில்வெல். அம்பத்தொண்ணுல நானே வரைபடம் போட்டேன். மூணு போனா ஆறு மீதி. ஆறு அங்குலத்துல ஒரு தேவாலயத்தையே நிறுத்தலாம்."

"அந்த ஒன்பது... நீங்க திறந்து பார்த்து அளந்ததா சார்?"



"திறக்கணும்னா வெளியிலேர்ந்துதான் திறக்கணும். வெளியில என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். திமிங்கிலத்த உடைச்சுப் பார்க்கறவன் எவனாவது இருப்பானா? பக்கத்துத் தெருவுல அதே காலத்து வீட்டுல ஒன்பது இருந்துது. அதே தச்சன், அதே முறை."

"அப்ப யாரும் பார்த்ததில்ல."

"வியாழக்கிழமை முடியட்டும். வெள்ளிக்கிழமை காலையில நீங்களும் நானும் அந்தப் பின்சுவர்ல இரும்புக் கம்பி கட்டி இழுத்துப் பிடிப்போம். அதுக்கு முன்னால மஞ்சள் தாள் ஒண்ணு வெளியில வந்துச்சுன்னா, விசாரணையே தேவையில்ல. சாலைக் குழுத் தலைவன் ஸ்ட்ரௌட் சனிக்கிழமையே இடிச்சிடுவான். மூணு நாள் பொறுங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

மூன்று நாள். அன்று இரவு மழை பெய்தது.

செவ்வாய்க்கிழமை அவள் மூன்றாம் எண்ணுக்குப் போனபோது, முந்தின நாள் சுவரோரப் பலகையில் போட்டு வைத்திருந்த பென்சில் கோட்டிலிருந்து சுவர் வரைக்கும் ஸ்கேலை வைத்து அளந்தாள். இடைவெளி ஒரு தீக்குச்சியின் கனம் கூடியிருந்தது. ஒரே நாளில். மறுபடி அளந்தாள். மாறவில்லை. பின்பக்கத்தில் ஆறு ஏறியிருந்தது. பள்ளத்தில் நின்ற தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் ஒன்றாகிவிட்டிருந்தன.

"என்னடி முகம் இப்படி வெளுத்திருக்கு?" என்றாள் மிஸஸ் டிராண்டர். "பேய் ஏதாவது பார்த்தியா? இங்க ஒண்ணு இருக்காம். வாடகை கொடுக்கலன்னு நான்தான் துரத்திட்டேன்."

ரோடா சிரிக்க முயன்றாள். திரும்பிப் படியை நோக்கி நடக்கும்போது, தன் காலடிகளைத் தானே எண்ணுவதைக் கவனித்தாள். பாதத்தை மெல்ல வைத்தாள். ஒன்பது பேர் தினமும் இந்தத் தரையில் நடக்கிறார்கள், நாற்காலியை இழுக்கிறார்கள், நிலக்கரிக் கூடையைத் தொப்பென்று வைக்கிறார்கள்.

அலுவலகம் போனதும் இழுப்பறையைத் திறந்து ஐந்து மஞ்சள் தாளில் கையெழுத்துப் போட்டாள். அன்று மத்தியானமே அவற்றை ஐந்து கதவிலும் ஒட்டிவிட்டாள்.

யாரும் நன்றி சொல்லவில்லை. தேவாலயத்தை ஒட்டிய பொது மண்டபத்துக்குப் படுக்கைகளைத் தூக்கிக்கொண்டு போகும்போது, சிரில் பேக்ஷா தன் தையல் இயந்திரத்தை நடுத்தெருவில் வைத்துவிட்டு அவள் முன்னால் வந்து நின்றார்.

"நேத்துதானேம்மா பார்த்துட்டு, ஒண்ணுமில்லன்னு எழுதிட்டுப் போன? உங்க கண்ணாடி ஒண்ணும் உடையலயே?"

"கண்ணாடி சரியாத்தான் சொல்லிச்சு மிஸ்டர் பேக்ஷா. நான்தான் தப்பான சுவர்ல கேட்டுட்டேன்."

"நல்லா பேசற. குளிர்காலத்துக்குச் செருப்பு தைக்கக் கொடுத்தவங்ககிட்ட இத வந்து சொல்லு."

மண்டபத்துப் படியில் சாலைக் குழுத் தலைவர் கவுன்சிலர் ஸ்ட்ரௌட் நின்றிருந்தார். நல்ல கம்பளிக் கோட்டு, அப்போதுதான் சவரம் செய்த ரோஜா நிறக் கன்னம். அவளைக் கண்டதும் தொப்பியை எடுத்தார்.

"தைரியமான பொண்ணும்மா நீ. பத்து வருஷமா நாங்க முட்டிக்கிட்டோம். நீ ஒரே மத்தியானத்துல முடிச்சிட்ட." அவள் தோளில் இரண்டு முறை தட்டினார். "வெள்ளிக்கிழமை காலையில ஆளுங்கள வரச் சொல்லியிருக்கேன். ஆர்மரோட் வந்து அழுது முடிக்கறதுக்குள்ள."

அவர் தட்டிய இடம் சாயங்காலம் வரைக்கும் ஈரத்துணி ஒட்டியதுபோலக் கனத்தது. நான் யாருக்கு வேலை செய்துவிட்டேன் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். அன்று வீடு விழவில்லை. மழை நின்று வெயில்கூட வந்தது. திமிங்கிலங்கள் ஐந்தும் வெயிலில் பல்லைக் காட்டின. போகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

புதன்கிழமை மதியம் ஆர்மரோட் ரயில் நிலையத்திலிருந்து நேராகத் தெருவுக்கு வந்தார். உயரமான மனிதர். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் குடை. செய்தி அவருக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. மண்டபத்திலிருந்து ஆட்களும் வந்து கூடியிருந்தார்கள். அவர் நேராக முதல் கதவுக்குப் போனார், மஞ்சள் தாளின் ஓரத்தை நகத்தால் மெதுவாகக் கிளப்பி உரித்தார், நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். இரண்டாம் கதவு. மூன்றாம் கதவு. துணைக் கட்டடக் கலைஞர் போட்ட கையெழுத்தைத் தலைமைக் கட்டடக் கலைஞர் ரத்து செய்யலாம். அதற்கு அவருக்கு அதிகாரம் இருந்தது.

ஐந்தாவதை மடித்த பிறகு திரும்பினார்.

"உங்க வீடு, உங்க சாவி. போங்க."

யாரோ கைதட்டினார்கள். சிரில் பேக்ஷா இயந்திரத்தைத் தூக்க ஆள் தேடினார். மிஸஸ் டிராண்டர் காத்திருக்கவே இல்லை. "அந்த மண்டபத்துல டீ போட்டுத் தர்றாங்களே, அது டீயா? கழுவின தண்ணி!" என்று சொல்லிக்கொண்டே கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ரோடா ஆர்மரோட்டின் முன்னால் போய் நின்றாள். "சார், நேத்து ஒரே நாள்ல ஒரு தீக்குச்சி அளவு போயிருக்கு."

"ஆறு அங்குலத்துல ஒரு தீக்குச்சி."

"அந்த ஆறு அங்குலம் இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஸ்ட்ரௌட் உங்க தோள்ல தட்டினானாமே. வெக்கமா இல்ல? இந்த ஊர்ல போர் விமானம் போட்ட குண்டுக்குத் தப்பினது எட்டுத் தெரு. அதுல நான் காப்பாத்தினது அஞ்சு. நீங்க ஒரு கிழவி திணிச்ச பேப்பர நம்பி ஒண்ணைக் கொடுத்துட்டு வந்திருக்கீங்க."

"ஒன்பது பேர் சார்."

"ஒன்பது அங்குலம்," என்றார் அவர், எண்ணைத் திருத்துகிறவர் மாதிரி.

அவள் வாதாடுவதை அங்கேயே விட்டாள். வால்டின் தள்ளுவண்டி ஓரமாக நின்றது. அதிலிருந்து சுத்தியலையும் உளியையும் எடுத்தாள். ஏணியை மூன்றாம் எண்ணின் சுவரில் சாய்த்தாள்.

"மிஸ்," என்றான் வால்ட். "அதுல கை வெச்சீங்கன்னா நாளைக்கு என் பேரத்தான் எழுதுவாங்க."

"என் பேர எழுதச் சொல்லுங்க. பதினாலு இடத்துல ஏற்கெனவே இருக்கு. ஏணியப் பிடிங்க."

திமிங்கிலத்தின் முகத்துக்கு நேராக அவள் முகம் வந்தது. அவ்வளவு பக்கத்தில் அவள் அதை ஒருநாளும் பார்த்ததில்லை. செய்தவனின் கட்டைவிரல் ரேகை ஒரு கண்ணிமையில் பதிந்திருந்தது. உத்தரத்தின் நுனி அதன் வயிற்றுக்குப் பின்னால் இருக்க வேண்டும். கீழிருந்து ஆர்மரோட் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். "மிஸ்" இல்லாமல், வெறும் பெயரை. அவள் உளியை வயிற்றில் வைத்து அடித்தாள்.

முதல் அடியில் வெள்ளைத் தூள் மட்டும் பறந்தது. மூன்றாவதில் வயிறு ஒரு தட்டு அகலத்துக்குப் பெயர்ந்து நடைபாதையில் விழுந்து சிதறியது. கூட்டத்திலிருந்து, அடிபட்டவர்கள் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவள் நிறுத்தவில்லை. வால் போயிற்று. மடிந்த காது போயிற்று. சுண்ணாம்புக்குப் பின்னால் குச்சிப் பட்டைகள், அவற்றுக்குப் பின்னால் இருட்டு. பட்டைகளைக் கையால் பிய்த்தாள். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் மோதியது. ஆற்றின் வாசனை.

அவள் உள்ளே பார்த்தாள். பிறகு ஏணியிலிருந்து இறங்கி, விலகி நின்றாள்.

ஆர்மரோட் குடையைக் கீழே போட்டுவிட்டு ஏறினார். உடைந்த திமிங்கிலத்தைத்தான் முதலில் பார்த்தார், ரோடா அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் தலை இருட்டுப் பக்கம் குனிந்தது. வெகுநேரம் நிமிரவில்லை.

ஒன்பது அங்குலம் ஒருகாலத்திலும் இருந்ததில்லை. தச்சன் நாலு அங்குலம்தான் விட்டிருந்தான். அதில் பாக்கியிருந்தது அவருடைய கட்டைவிரல் நகத்தின் அகலம். ஓக் மரத்தின் கறுத்த நுனி சுவரின் விளிம்பில், மேஜை ஓரத்தில் யாரோ மறந்து வைத்த கோப்பை மாதிரி உட்கார்ந்திருந்தது. தெருமுனையில் ஒரு பஸ் திரும்பியது. நுனியிலிருந்து மரத்தூள் சன்னமாக இழை இழையாகக் கீழே விழுந்தது.

மேலே ஜன்னல் திறந்தது.

"என்ன இடிக்கறீங்க அங்க?" மிஸஸ் டிராண்டர் கையில் கெட்டிலோடு எட்டிப் பார்த்தாள். "சுண்ணாம்பு எல்லாம் என் கப்புல விழுது!"

வால்ட் வாயைத் திறந்தான். ஆர்மரோட் ஒரு கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். இன்னொரு கையைத் துளைக்குள் நுழைத்து, உத்தரத்தின் நுனிக்குக் கீழே உள்ளங்கையை வைத்தார். அந்தக் கையால் எதையும் தாங்க முடியாது என்பது அந்தத் தெருவில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை.

"மிஸஸ் டிராண்டர்," என்றார், அலுவலகத்தில் பேசுகிற அதே சலிப்பான குரலில். "உங்க கதவுக்கு நீலப் பெயின்ட் அடிக்கணும்னு ஏழு வருஷமா எனக்குக் கடுதாசி எழுதறீங்க இல்ல?"

"பதினாறு கடுதாசி. பதினாறுக்கும் முடியாதுன்னு பதில் போட்ட மகராசன் நீங்கதானே?"

"அதப் பத்திப் பேசணும். கீழ வாங்க."

"ஏன், நீங்க மேல வர்றதுக்கென்ன? காலு இல்லயா?"

"ஏணியில நிக்கறேன். வயசாயிடுச்சு. வாங்கம்மா. கெட்டில அங்கயே, ஜன்னல் கட்டையிலயே மெதுவா வெச்சிடுங்க. கதவ எதையும் இழுத்துச் சாத்தாதீங்க. மெதுவா வாங்க. அடர் நீலமா வெளிர் நீலமான்னு யோசிச்சுக்கிட்டே வாங்க."

"கேட்டுக்கோங்க எல்லாரும்! இவருக்கு என்னமோ ஆயிடுச்சு," என்றாள் அவள் தெருவைப் பார்த்து. தலை உள்ளே போனது.

ஜன்னலிலிருந்து பின்பக்கத்துப் படிக்கு அறை முழுவதையும் தாண்ட வேண்டும். கனத்த செருப்பின் சத்தம் பலகையில் கேட்டது. ஒன்று. இரண்டு. ஒவ்வொரு அடிக்கும் ஆர்மரோட்டின் தோள் சிறிது அதிர்ந்தது. நடுவில் சத்தம் நின்றது. அவள் எதையோ தேடுகிறாள், கண்ணாடி முன்னால் நின்று தலையைச் சரிசெய்கிறாள், கடவுளுக்குத்தான் வெளிச்சம். மறுபடி அடி கேட்டது. ஆறு. ஏழு. பிறகு பலகைச் சத்தம் படிச் சத்தமாக மாறியது.

வாசலுக்கு வந்த மிஸஸ் டிராண்டர், தலையில் தொப்பி வைத்து, ஊசி குத்தி, கையுறையும் போட்டிருந்தாள்.

"அடர் நீலம்," என்றாள்.

ரோடா அவள் கையைப் பிடித்துத் தெருவின் எதிர்ப்பக்கம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள். "விடுடி, என்ன இழுக்கற!" என்று அவள் திட்டினாள். அப்புறம் திரும்பித் தன் வாசலுக்கு மேலே இருந்த ஓட்டையையும், நடைபாதையில் கிடந்த நாய் மூக்கையும் பார்த்தாள். ரோடாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஆர்மரோட் ஏணியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கினார். கோட்டின் ஒரு கை முழங்கை வரைக்கும் வெள்ளையாக இருந்தது. அவர் ரோடாவைப் பார்க்கவில்லை.

"கயிறு கட்டுங்க வால்ட். தெரு முழுசும். ஒருத்தரும் உள்ள போகக்கூடாது." கொஞ்சம் பொறுத்து, "மிஸ் கெட்டில்வெல், தாள் கட்டு கையில இருக்கா?"

இருந்தது. அவள் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். ரத்து செய்த தாள்கள் செல்லாது. புதிதாக ஐந்து எழுத வேண்டும். அவர் கட்டைத் தள்ளுவண்டியின் மேல் வைத்துக்கொண்டு சட்டைப்பையைத் தடவினார். பிறகு கோட்டுப் பையை. பிறகு மறுபடியும் சட்டைப்பையை. பேனா எங்கேயும் இல்லை.

"நான் போடறேன் சார்," என்றாள் ரோடா. "முதல்ல போட்டவ நான்தானே."

"இல்ல. இது என் ஒன்பது அங்குலம்."

அவர் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு பேனா நீண்டது. கறுப்பு, தங்க முள். மூடி ஏற்கெனவே கழற்றியிருந்தது. கூட்டத்துக்குப் பின்னால் கவுன்சிலர் ஸ்ட்ரௌட் எப்போது வந்து நின்றார் என்று யாரும் கவனித்திருக்கவில்லை.

ஆர்மரோட் அந்தப் பேனாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கினார். முதல் தாளில் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது, மூன்றாவது. ஐந்தாவதை முடித்துவிட்டு, திரும்பாமலே பேனாவைப் பின்னால் நீட்டினார்.

"வெச்சுக்கோங்க ஆர்மரோட்," என்றார் ஸ்ட்ரௌட், பிரியமாக. "ரோடு இங்கயே நின்னுடாது. இன்னும் ரெண்டு தெரு இருக்கு."